மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் தானியம் சேர்ப்பது: ஒத்தை அடுப்பில் எதுவரை போகலாம்?

இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதை அப்படியே போடாமல் கொஞ்சம் சுருக்கி, வரிசை மாற்றி, இருமல் சத்தத்தையும் பக்கத்து வீட்டுச் சேவலையும் எடுத்துவிட்டுத் தந்திருக்கேன்.

கூமாப்பட்டியிலிருந்து பேசுறேன். ஊர் பேரைச் சொன்னதும் உங்களுக்கு 2025-ல் வந்த ரீல்ஸ்தான் ஞாபகம் வரும், தெரியும். தண்ணியைத் தேடி பிளவக்கல் அணைக்கு வண்டி கட்டிட்டு வந்தவங்க பாதிப் பேர் குளிக்க அனுமதி இல்லைன்னு தெரிஞ்சு திரும்பிப் போனாங்க. இன்னைக்கு நாம பேசப்போறதும் தண்ணி சம்பந்தப்பட்டதுதான். ஆனா அடுப்புல இருக்கிற தண்ணி.

என் காலேஜ் ரூம்மேட் ஒருத்தன் அமெரிக்காவில் இருக்கான். சின்ன அப்பார்ட்மென்ட், நாலு பர்னர்ல ரெண்டுதான் எரியும், பெரிய பாத்திரம்னு சொன்னா பிரியாணி செய்யிற எட்டு லிட்டர் குண்டான் ஒண்ணு. அவன் வீட்டுல பீர் காய்ச்ச ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சு. டப்பாவில் வரும் மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைச்சு, யீஸ்ட் போட்டு, அதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. போன மாசம் ஊர்ப்பாசம் பொங்கி, இந்தியன் ஸ்டோர்ல கேப்பை வாங்கி, துணியில மூட்டையா கட்டி, சுடுதண்ணியில அரை மணி நேரம் ஊறப்போட்டிருக்கான். வந்தது கலங்கின கஞ்சி. எனக்கு வாட்ஸப்ல போட்டோ அனுப்பி, "மாப்ள, இது பீரா கூழா?"ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த எபிசோட்.

முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துக்கு அப்புறம் வீட்டுத் தேவைக்கு பீர் காய்ச்சுவது மத்திய அரசு அளவில் குற்றமில்லை. பெரியவங்க ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை வரி கிடையாது. பிரிட்டனில் 1963-லேயே லைசென்ஸ் தேவை போயாச்சு. சிங்கப்பூரிலும் ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரை அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் கிடையாது. 1937-ல் வந்த மதுவிலக்குச் சட்டம்தான் பல திருத்தங்களோட இன்னும் நடப்புல இருக்கு. டாஸ்மாக் கடை இருக்குங்கிறதால வீட்டுல காய்ச்சலாம்னு ஆகாது. லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், அது ஒரு லிட்டரா இருந்தாலும் சரி. 2024 கள்ளக்குறிச்சி சாவுகளுக்கு அப்புறம் தண்டனையையும் கூட்டிட்டாங்க. அதனால இங்கே இருக்கிறவங்களுக்கு இந்த எபிசோட் யீஸ்ட் போடுறதுக்கு ஒரு படி முன்னாடி நின்னுடும். நல்ல விஷயம் என்னன்னா, தானியத்தோட வேலை முழுசும் அந்தப் படிக்கு முன்னாடியே முடிஞ்சிடுது. யீஸ்ட் போடாத அந்தத் திரவத்துக்கு வோர்ட்னு பேர். சூடா, இல்ல ஆறவெச்சு, அப்படியே குடிக்கலாம். ஹார்லிக்ஸோட தாத்தான்னு வெச்சுக்கோங்க. வில்லியம் ஹார்லிக் 1883-ல் மால்ட் பானத்துக்கு பேடன்ட் வாங்கினப்போ அடிப்படையில செஞ்சது இதைத்தான். முளைகட்டின தானியத்தோட சத்தை சுடுதண்ணியில இறக்கி, பாலோட சேர்த்துக் காய வெச்சாரு.

எக்ஸ்ட்ராக்ட்னா என்ன?

ஒரு தானியத்துக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் மாவுச்சத்து. யீஸ்ட்டுக்கும் சரி, நம்ம நாக்குக்கும் சரி, மாவுச்சத்து இனிக்காது. அதை உடைச்சுச் சர்க்கரையாக்கணும். உடைக்கிற கத்தரிக்கோல் தானியத்துக்குள்ளேயே இருக்கு, ஆனா முளைவிடும்போதுதான் நிறைய உருவாகும். அமைலேஸ் என்கிற நொதி அது. விதை முளைக்கும்போது குருத்துக்குச் சாப்பாடு வேணும் இல்லையா, அதுக்காக விதையே தயாரிக்கிற ஆயுதம். முளைவிட்டதும் காயவெச்சு, முளையை நிறுத்தி, நொதியை மட்டும் உயிரோட வெச்சுக்கிட்டா அதுக்குப் பேர் மால்ட். அந்த மால்ட்டை நொறுக்கி, ஏறக்குறைய 62-லிருந்து 70 டிகிரி வரைக்குமான வெந்நீரில் ஒரு மணி நேரம் வெச்சா மாவு சர்க்கரையாயிடும். இந்த வேலைக்கு மேஷிங்னு பேர். இதுக்குப் பெரிய பாத்திரம், வடிகட்டி, வெப்பத்தைக் கட்டுப்படுத்துற வசதி எல்லாம் வேணும்.

ஃபேக்டரியில இதை முழுசா முடிச்சு, தண்ணியை வெற்றிடத்துல ஆவியாக்கி, தேன் மாதிரி ஆக்கித் தர்றதுதான் எக்ஸ்ட்ராக்ட். கம்பைல் பண்ணின பைனரி மாதிரின்னு என் டீம்ல சொல்வேன். ஓட்டிக்கலாம், உள்ளே பெருசா மாத்த முடியாது. திரவ எக்ஸ்ட்ராக்ட்ல சுமார் 80 சதவீதம் திடப்பொருள், மீதி தண்ணி. அதை வெச்சே பீர் காய்ச்சலாம். ஆனா எல்லாமே ஒரே மாதிரி, கொஞ்சம் தட்டையான ருசியா இருக்கும். அதுக்குத்தான் ஸ்பெஷாலிட்டி கிரெய்ன். நிறம், மணம், வாயில நிக்கிற கனம், இதெல்லாம் கொடுக்கத் தனியா கொஞ்சம் தானியத்தை ஊறவெச்சுச் சாறு இறக்கிச் சேர்ப்பாங்க.

இங்கதான் என் நண்பன் மாட்டினான். எல்லாத் தானியத்தையும் டீத்தூள் மாதிரி ஊறவெச்சுச் சாறு எடுத்துட முடியாது.

மூட்டைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

இந்தத் தானியத்துக்குள்ள இருக்கிற மாவு ஏற்கெனவே மாறிடுச்சா, இல்ல இனிமேதான் மாறணுமா? இதை மட்டும் கேளுங்க.

மாறிடுச்சுன்னா வெறும் ஊறவெச்சாப் போதும். இதுல ரெண்டு குடும்பம். ஒண்ணு கிரிஸ்டல் மால்ட், கேரமல் மால்ட்னு சொல்றது. முளைவிட்ட தானியத்தை ஈரத்தோடயே 65, 70 டிகிரியில மூடி வெச்சு, உமிக்குள்ளேயே மாவைச் சர்க்கரைப் பாகாக்கி, அப்புறம் வறுப்பாங்க. பாகு உள்ளே இறுகிக் கண்ணாடி மாதிரி ஆயிடும். அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேரும்போது நடக்கிற மாற்றத்தை 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் மேயார் விளக்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அந்தப் பழுப்பும் மணமும் வர்றது அதே வேதியியலாலதான். பால்கோவா கடை வாசல்ல விறகடுப்பு பக்கத்துல நின்னவங்களுக்குக் கிரிஸ்டல் மால்ட்டைப் பத்தி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு குடும்பம் கருக வறுத்தது. சாக்லேட் மால்ட், பிளாக் மால்ட். 1817-ல் லண்டனில் டேனியல் வீலர் சுழலும் உருளையில மால்ட்டை எரியவிடாமல் கறுக்க வறுக்கும் முறைக்கு பேடன்ட் வாங்கினார். போர்ட்டர், ஸ்டவ்ட் எல்லாம் இன்னைக்கு இருக்கிற கறுப்புல வர்றது அந்த மால்ட்டால. இதுல மாவும் இல்ல, நொதியும் இல்ல, எல்லாம் சூட்டுல போயிடுச்சு. காபிக்கொட்டை மாதிரி. வெந்நீர் போதும்.

மாறலைன்னா? சாதா பார்லி மால்ட், மியூனிக் மால்ட், அவல் மாதிரி தட்டின ஓட்ஸ், கோதுமை, பச்சைக் கேப்பை எல்லாம் இந்தப் பக்கம். இதுங்களை ஊறவெச்சா மாவு மட்டும் இறங்கும். பார்லி மால்ட்டுக்காவது சொந்த நொதி இருக்கு, சரியான சூட்டுல நேரம் கொடுத்தா தானே மாறிக்கும். முளைகட்டாத கேப்பைக்கு அந்த அளவு நொதி கிடையாது. ஆக என் நண்பன் செஞ்சது கூழுக்கு முந்தின நிலை. பீர்ல அது கலங்கலா மிதக்கும், யீஸ்ட் அதைத் தொடாது, வேற கிருமிக்கு வேணா விருந்து.

அவனுக்கு நான் சொன்ன வழி இது. கேப்பையை முதல்ல கூழா காய்ச்சிடு. மாவு வெந்து விரிஞ்சாத்தான் நொதிக்கு எட்டும். கூழை 70 டிகிரிக்கு ஆறவிட்டு, கேப்பை எடைக்குச் சமமா நொறுக்கின பார்லி மால்ட்டைக் கலந்து, ஒரு மணி நேரம் மூடி வை. கெட்டிக் கூழ் கண் முன்னாடியே தண்ணியா இளகும். கூழை ஆறவிடாமல் கொதிக்கக் கொதிக்கக் கலந்தா நொதி செத்துடும். இந்த ஆறவைக்கிற விஷயம் புதுசில்ல. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள் செய்யும் இடத்தில், களியை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி ஆற்றிய பிறகுதான் அடையைக் கலக்கிறாங்க, அப்புறம் சாடியில ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி. தெர்மோமீட்டர் இல்லாத காலத்து ரெசிபி, வரிசை கச்சிதம்.

தெர்மோமீட்டர் இல்லைன்னா?

ஊறவைக்கிறதுக்கு 65-லிருந்து 70 டிகிரி நல்லது. 77-ஐத் தாண்டக் கூடாதுன்னு ஹோம்ப்ரூவிங் புத்தகங்கள் எல்லாம் சொல்லும். அதுக்கு மேல போனா உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். டீயைக் கொதிக்கவிட்டா நாக்கு இழுக்குமே, அதே டானின்.

இங்க ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி வரும். ஜெர்மன்காரங்க டிகாக்ஷன்னு மால்ட்டையே எடுத்துக் கொதிக்க வைக்கிறாங்களே, அது துவர்க்காதான்னு. பெருசா துவர்க்காது. ஏன்னா அங்கே தண்ணி குறைவு, தானியம் அதிகம், அதனால கலவையோட அமிலத்தன்மை போதுமான அளவு இருக்கும். சூடு மட்டும் குற்றவாளி இல்ல. சூடு, நிறையத் தண்ணி, பிஎச் ஆறுக்கு மேல ஏறுறது, இந்த மூணும் சேரும்போதுதான் பிரச்சினை. அதனால கிலோவுக்கு எட்டு லிட்டருக்கு மேல தண்ணி ஊத்தாதீங்க. 250 கிராம் தானியத்துக்கு ரெண்டு லிட்டர்தான் உச்சவரம்பு. வீட்டு போர் தண்ணி உப்பா, பாத்திரத்துல வெள்ளையாப் படியுற ரகமா இருந்தா குடிக்கிற கேன் தண்ணியே எடுத்துக்கோங்க.

சூட்டை அளக்க டம்ளர் போதும். கொதிக்கிற தண்ணி 100 டிகிரி, நம்ம வீட்டுக் குடத்துத் தண்ணி ஏறக்குறைய 30. ரெண்டும் சமமா கலந்தா 65. மூணு டம்ளர் கொதிநீர், ரெண்டு டம்ளர் குடத்துத் தண்ணின்னா 72. அதுல அறைச் சூட்டுல இருக்கிற 250 கிராம் தானியத்தை ரெண்டு லிட்டருக்குப் போட்டா ரெண்டு டிகிரி இறங்கி 70-ல வந்து நிக்கும். மே மாசத்துல மொட்டைமாடி டேங்க் தண்ணியை நேரா பிடிச்சா கணக்குத் தப்பும், குடத்துல ஊத்தி நிழல்ல வெச்ச தண்ணியை எடுங்க. ரெண்டுக்கு ஒண்ணுன்னு கலந்தீங்கன்னா 77-க்குப் பக்கத்துல போயிடுவீங்க, வேண்டாம். மூணுக்கு ரெண்டு, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கலந்த தண்ணியை அடுப்புல வெச்சுச் சூடு பிடிக்கிறேன்னு நிக்காதீங்க. சின்னப் பாத்திரத்துல அடியில 90 இருக்கும், மேல 60 இருக்கும். சப்பாத்தி வைக்கிற ஹாட் பாக்ஸ்ல ஊத்தி மூடிடுங்க. பெரிய ஹாட் பாக்ஸ் இல்லைன்னா குண்டானை மூடி, பழைய போர்வையைச் சுத்தி வைங்க. அரை மணி நேரத்துக்கு இது தாராளம். என்னைக் கேட்டா இன்டக்ஷன் அடுப்பு, டிஜிட்டல் புரோப் எல்லாத்தையும் விட அம்மா கல்யாணச் சீர்ல வந்த ஹாட் பாக்ஸ்தான் இந்த வேலைக்கு வாங்க வேண்டிய முதல் கருவி. வாங்கவும் வேண்டாம், பரண்ல இருக்கும்.

நொறுக்கறது பத்தி சுருக்கமா. மிக்ஸியில மாவாக்கிடாதீங்க. விட்டு விட்டு ரெண்டு சுத்து, ரவையை விடப் பெருசா, உமி கிழியாம உடைஞ்சா போதும். வீட்டுல திருகை இருந்தா அதுக்கு ஈடு கிடையாது. மூட்டை கட்ட பழைய வெள்ளை வேட்டித் துணி, துவைச்சுக் கொதிநீர்ல அலசினது. தளர்வா கட்டுங்க, தானியம் ஊறி உப்பும். எடுக்கும்போது தொங்கவிட்டு வடியவிடுங்க. பிழியலாமா கூடாதாங்கிறது ஒரு பெரிய சண்டை. லேசா அழுத்தினா ஒண்ணும் ஆகாதுங்கிறது என் கட்சி.

இப்போ கூமாப்பட்டி சமையலறைக்கு வருவோம்

பார்லி மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பேக்கரி சாமான் விக்கிற ஆன்லைன் கடைகள்ல கிடைக்குது. ஸ்பெஷாலிட்டி மால்ட் கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சாலும் கூரியர் செலவு பொருள் விலையைத் தாண்டும். அதனால தானியத்தை நாமே தயார் பண்ணுவோம். நாட்டு மருந்துக் கடையில பார்லி இருக்கேன்னு வாங்கிடாதீங்க. அது உமி நீக்கித் தீட்டின பார்லி, முளைக்காது. முளைக்காத விதையில மால்ட் இல்ல.

நமக்கு இருக்கவே இருக்கு கேப்பை. சிறுதானியங்களில் மால்ட் செய்ய ரொம்பத் தோதானது கேப்பைதான்னு மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1980-களில் செஞ்ச ஆய்வுகள் காட்டுச்சு. நேபாளம், சிக்கிம் பக்கம் தோங்பான்னு மூங்கில் குடுவையில வெந்நீர் ஊத்திக் குடிக்கிற பானமும் இதே கேப்பையில செய்யறதுதான்.

முதல்ல ஒரு டெஸ்ட். நூறு விதையை எண்ணி ஈரத்துணியில வைங்க. மூணு நாள்ல 90-க்குக் கீழ முளைச்சா அந்த மூட்டையைத் தோசைக்கு விட்டுடுங்க. முளைக்காத விதை மாவாவே நிக்கும், பூசணமும் அதுலதான் முதல்ல பிடிக்கும். தேறினா, அரைக் கிலோ கேப்பையை நல்லாக் கழுவி, ஒரு ராத்திரி ஊறவெச்சு, நடுவுல ஒரு தடவை தண்ணி மாத்துங்க. வடிச்சு, ஈரத்துணியில பரப்பி ரெண்டு மூணு நாள். காலையும் சாயந்திரமும் அலசி, கிளறிவிடுங்க. குவிச்சு வெச்சா உள்ளே சூடேறும், வாடை வரும். பூசண வாடை வந்தா யோசிக்காமக் கொட்டிடுங்க. வேர் விதையோட நீளத்துக்கு ரெண்டு மடங்கு வந்ததும் வெயில்ல மொறுமொறுன்னு காயவெச்சு, கையால தேய்ச்சு வேரை உதிர்த்துப் புடைச்சிடுங்க. இதுதான் உங்க அடிப்படை மால்ட், நொதி உயிரோட இருக்கிறது. எங்க அம்மாச்சி இதே வேலையைத்தான் செய்வாங்க, ஆனா கடைசியில மணம் வரணும்னு சட்டியில நல்லா வறுத்துடுவாங்க. மணம் வரும், நொதி போயிடும். ரெண்டும் வேணும்னா ரெண்டாப் பிரிச்சு வைக்கணும்.

சோளத்தை மட்டும் இப்படிச் செய்யாதீங்க. சோள முளையிலயும் வேரிலயும் தூரின்னு ஒரு பொருள் சேருது, அது உடைஞ்சா சயனைட் வெளியாகும். இளஞ்சோளப் பயிரை மாடு மேஞ்சு செத்துப்போன கதையை நம்ம பக்கத்துப் பெரியவங்க எல்லாருமே சொல்வாங்க, காரணம் அதேதான். ஆப்பிரிக்காவில் சோள மால்ட்ல பீர் செய்யறாங்க உண்மைதான், அவங்களுக்கு முளையை நீக்கிப் பக்குவப்படுத்துற பழக்கம் இருக்கு. ஒரு ரீல் பார்த்துட்டு நாம இறங்க வேண்டாம். கம்பு ஆபத்தில்ல, ஆனா மாவு சில நாள்லயே காறல் வாடை அடிக்கும். செஞ்ச உடனே பயன்படுத்தணும்.

இப்போ ஸ்பெஷாலிட்டி. முளைவிட்ட ஈரக் கேப்பையில பாதியைக் காயவைக்காம எடுத்துக்கோங்க. டிபன் டப்பாவுல போட்டு இறுக்கி மூடி, ஹாட் பாக்ஸ்ல மூணுக்கு ரெண்டு கணக்குத் தண்ணி ஊத்தி அதுக்குள்ள மூழ்க வைங்க. ஒரு மணி நேரம். அரை மணியில தண்ணியை ஒரு தடவை மாத்துங்க. திறந்து நாலு விதையைக் கடிச்சுப் பாருங்க, இனிக்கும். அதை இரும்புச் சட்டியில சின்னத் தீயில ஈரம் போற வரைக்கும், அப்புறம் செம்பழுப்பு வர்ற வரைக்கும் வறுங்க. கைவிடாமக் கிளறணும். மணல்ல வறுத்தா சூடு சமமாப் பிடிக்கும், ஆனா கேப்பை சைஸுக்கு மணலைச் சலிச்சு எடுக்கிற பொறுமை எனக்கு இல்ல. பார்லி அளவுக்கு உள்ளே பாகு கண்ணாடியா இறுகாது, விதை அவ்வளவு சின்னது. ஆனா வாசம் கருப்பட்டிக்கும் வறுத்த நிலக்கடலைக்கும் நடுவுல வரும். ஒரு கைப்பிடியை மட்டும் தனியா காபி நிறத்துக்குக் கொண்டு போங்க. கரியாக்காதீங்க, கரி கரி மாதிரிதான் ருசிக்கும்.

பானம் இப்படி. ரெண்டு லிட்டர் தண்ணி மூணுக்கு ரெண்டு கணக்குல, அதாவது 200 மில்லி டம்ளர்ல ஆறு கொதிநீர், நாலு சாதா. மூட்டையில 220 கிராம் செம்பழுப்புக் கேப்பை, 30 கிராம் காபி நிறத்தது. அரை மணி நேரம் ஹாட் பாக்ஸ். மூட்டையை எடுத்து, சாறை இட்லிக் கொப்பரையில ஊத்திக் கொதிக்கவிடுங்க. கொப்பரை ஏன்னா, பொங்கும். பால் மாதிரி ஒரே நொடியில எழும்பும், பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தக்கூடாது. கொதி வந்ததும் அடுப்பை அணைச்சிட்டு 150 கிராம் எக்ஸ்ட்ராக்ட்டைக் கலங்க. எரியிற அடுப்புல ஊத்தினா நேரா அடிக்குப் போய் உட்கார்ந்து அடிப்பிடிக்கும். முழுசாக் கரைஞ்சதும் மறுபடி அடுப்பைப் பத்தவெச்சு பத்து நிமிஷம். கசப்புக்கு பீர்ல ஹாப்ஸ் போடுவாங்க, நம்ம நாட்டுல இமாசலப் பிரதேசத்து லாகூல்ல விளையுது. நான் போடுறது காய்ஞ்ச வேப்பம்பூ ரெண்டு சிட்டிகை, கடைசி ரெண்டு நிமிஷத்துல. கூட ஒரு துண்டு சுக்கு. வடிகட்டி, குண்டானைத் தண்ணி நிறைஞ்ச அண்டாவுல வெச்சு ஆத்தி, பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க.

ரெண்டு எச்சரிக்கை. ஒரு டம்ளர்ல 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். முளைகட்டினதுன்னு பேர் இருக்கிறதால சுகர் இருக்கிற தாத்தாவுக்குக் கொடுத்துடாதீங்க. ரெண்டாவது, ரெண்டு நாள்ல குடிச்சு முடிச்சிடுங்க. நம்ம வெயில்ல வெளியே விட்டா காத்துல இருக்கிற யீஸ்ட்டே வேலையை ஆரம்பிச்சிடும். மூடின கண்ணாடி பாட்டில் வெடிக்கும். போலீஸ் விஷயம் அப்புறம்.

கேள்விகள்

மதுரையிலிருந்து ஒருத்தர்: "மாவு முழுசா மாறிடுச்சான்னு எப்படித் தெரியும்?" காயத்துக்குப் போடுற அயோடின் மருந்து ஒரு சொட்டு. வெள்ளைத் தட்டுல சாறு ரெண்டு சொட்டு விட்டு, பக்கத்துல அதை வைங்க. சேர்ந்ததும் கருநீலமா மாறினா மாவு இன்னும் இருக்கு. மஞ்சளாவே இருந்தா முடிஞ்சது. தட்டுல இருக்கிறதைக் கழுவிடுங்க, திருப்பி ஊத்தாதீங்க. கறுப்பு மால்ட் போட்ட சாறுல இது சரியாத் தெரியாது.

"வீட்டு பீர்ல மெத்தனால் வருமா?" தானியத்தைப் புளிக்கவெச்சா வர்றது மிகக் குறைவு, ஆளைக் கொல்ற அளவு இல்ல. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால. ரெண்டும் வேற வேற. அதுக்காக இங்கே வீட்டுல காய்ச்சலாம்னு நான் சொல்லலை, ஆரம்பத்துல சொன்ன சட்டம் அப்படியே இருக்கு.

ராஜபாளையத்திலிருந்து ஒரு அக்கா: "எனக்கு பீர்ல ஆர்வமில்ல. ஏழு மாசக் குழந்தை இருக்கு, கேப்பைக் கூழ் கெட்டியானா துப்புறான், தண்ணியா காய்ச்சினா எடை ஏறலை. இந்த மால்ட் உதவுமா?"

அக்கா, இன்னைக்குப் பேசினதுலயே பெரிய பயன் இதுதான். மாவு வெந்தா தண்ணியை உறிஞ்சி உப்பும். கெட்டியாயிடும்னு நாம தண்ணியைக் கூட்டுவோம். குழந்தை வயிறு சின்னது, நிறையுறது தண்ணியால, சத்தால இல்ல. மைசூருல அந்த ஆய்வாளர்கள் கேப்பை மால்ட்டைக் கையில எடுத்த முக்கியக் காரணம் இணை உணவுதான். பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவும் 1980-களில் அமைலேஸ் நிறைந்த மாவுன்னு இதையே குழந்தைக் கஞ்சிக்குப் பரிந்துரைச்சாங்க. கூழை வழக்கத்தைவிடக் கெட்டியாவே காய்ச்சுங்க. அடுப்பை விட்டு இறக்கி, விரல் வைக்க முடியாத சூடு ஆனா ஆவி அடங்கினதும், வறுக்காத கேப்பை மால்ட் மாவு அரை டீஸ்பூன் கலக்குங்க. அஞ்சு நிமிஷத்துல இளகி ஓடும். உள்ளே மாவு அதே அளவு, தண்ணி மட்டும் குறைவு. அப்புறம் கட்டாயம் மறுபடி ஒரு கொதி விடணும், முளைகட்டின மாவுல கிருமி இருக்கலாம். வேரை நல்லாப் புடைச்சு எடுத்த, பூசணம் இல்லாத மாவா இருக்கணும். எடை ஏறலைங்கிறதைக் குழந்தை டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க, காரணம் வேற ஏதாவது இருந்தா கூழை இளக்கி மட்டும் பயனில்ல. மாவை வறுத்துட்டீங்கன்னா இளகாது, கடையில வாங்குற முளைகட்டின கேப்பை மாவு நிறைய இந்தக் காரணத்தாலதான் வேலை செய்யறதில்லை. மணத்துக்காக வறுத்திருப்பாங்க. வாங்கினதை ஒரு ஸ்பூன் கெட்டிக் கூழ்ல போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

நண்பன் இப்போ கூழ் வழியில ஒரு பேட்ச் போட்டிருக்கான், புளிக்க ரெண்டு வாரம் ஆகும். அவனை அடுத்த எபிசோட்ல லைன்ல எடுப்போம். உங்க கேப்பை எத்தனை சதவீதம் முளைச்சதுன்னு எழுதி அனுப்புங்க, எந்த ஊர்க் கடையில வாங்கினதுன்னும் சேர்த்து.